வாய்தா வாங்காமல் வழக்கு முடியுமா? சென்னையில் நான்கு வாசல், ஒரு மதிப்பீடு

சென்னையில் ஒரு தகராறைத் தீர்ப்பு வரை இழுக்காமல் முடித்துக்கொள்ள நான்கு வாசல் இருக்கிறது. உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள சமரசத் தீர்வு மையம், வணிக வழக்குப் போடும் முன் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக நடக்கும் சமரசம், மக்கள் நீதிமன்றம், பிறகு ஆர்பிட்ரேஷன், அதாவது இரு தரப்பும் ஒப்பந்தப்படி தனி நடுவரிடம் தீர்ப்பு வாங்குவது. ‘வெளியே பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். செலவு வேறு, காலம் வேறு. கடைசியில் கையில் கிடைக்கிற தாளுக்கு எவ்வளவு பலம் என்பது இன்னும் வேறு. அந்தக் கடைசித் தாளை வைத்துத்தான் இங்கே மார்க்.

சமரசத் தீர்வு மையம்

கொடுக்கிற காசுக்குக் கிடைக்கிற பலன் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது, காரணம் கட்சிக்காரர் சமரசருக்குக் காசே கொடுக்க வேண்டியதில்லை. 2005 ஏப்ரல் 9 அன்று திறந்தார்கள். கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் என்று இந்தியாவில் முதலில் வந்தது இதுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு 2002 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. வழக்கு நடக்கும் கோர்ட்டே அந்தப் பிரிவின்படி இங்கே அனுப்பிவைப்பதுதான் வழக்கமான பாதை. நீதிபதி தானாக அனுப்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ‘சமரசத்துக்கு அனுப்பச் சம்மதம்’ என்று உங்கள் வக்கீல் ஒரு மெமோ போட்டாலே பேச்சு ஆரம்பித்துவிடும்.

உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். வளாகத்தின் பாதுகாப்பு மத்திய தொழிற் பாதுகாப்புப் படையிடம் இருக்கிறது, அதனால் அடையாள அட்டையும் வழக்கு எண்ணும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். சமரசர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற வக்கீல். பயிற்சி 40 மணி நேரம். முதல் அமர்வில் இரு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடுவார். அதற்குப் பிறகு தனித்தனியாக அழைப்பார். சரக்கே அந்தத் தனி அமர்வில்தான் இருக்கிறது. பெரம்பூரில் ஒரு கிரவுண்டு வீடு, அண்ணன் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார், தங்கை பங்கு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு அமர்வில் தங்கை ‘சரிபாதி’ என்பதைத் தவிர வேறு பேசமாட்டார். தனி அமர்வில் சமரசர், “அண்ணன் முன்னாடி சொல்ல முடியாததை இங்க சொல்லுங்கம்மா, நீங்க சொல்லச் சொன்னாத்தான் நான் அவர்கிட்ட சொல்வேன்” என்பார். வீடு வேண்டாம், பிள்ளையின் படிப்புக்கு ஜூன் மாதத்துக்குள் பணம் வந்தால் போதும் என்பது அப்போதுதான் வெளியே வரும். வழக்கில் கேட்டிருப்பது பாதி வீடு. உண்மையான தேவை ஒரு தேதி. இந்த வித்தியாசத்தைத் தீர்ப்பு எழுதுகிற நீதிபதியால் பார்க்க முடியாது, பிளீடிங்கில், அதாவது இரு தரப்பும் எழுத்தில் தாக்கல் செய்த வாதங்களில், அது இருக்காது.

அங்கே பேசியது கோர்ட்டுக்குப் போகாது. மோதி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சமரசம் ஆனால் கையெழுத்தான ஒப்பந்தத்தை மட்டும் அனுப்ப வேண்டும், ஆகவில்லை என்றால் ‘ஆகவில்லை’ என்று மட்டும் சொல்ல வேண்டும், யார் எவ்வளவு தர முன்வந்தார் என்று எழுதக் கூடாது. ஆகவே எட்டு லட்சத்துக்கு இறங்கி வந்தேன் என்பது நாளைக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பாது.

கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு. முதலாவது, ஆள். முடிவெடுக்க முடியாத ஆளை அனுப்புவார்கள். வீட்டுத் தகராறில் மச்சான் வருவார், கம்பெனித் தகராறில் சட்டப் பிரிவு உதவியாளர் வருவார். எந்தத் தொகைக்கும் ‘கேட்டுச் சொல்றேன்’ என்பதே பதில். இரண்டு அமர்வு இப்படிப் போனால் எதிர்தரப்புக்கு வெறுத்துவிடும். கம்பெனி என்றால் தொகை வரம்பு குறிப்பிட்ட அதிகாரக் கடிதம் இருக்க வேண்டும். குடும்பம் என்றால் போனில் உடனே கிடைக்கும் தூரத்திலாவது மூத்தவர் இருக்க வேண்டும். கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: அசல், வட்டி, வந்தது, பாக்கி. வழக்குக் கட்டு அங்கே யாருக்கும் தேவைப்படாது.

இரண்டாவது, ஒப்பந்தம் எழுதும் கடைசி ஒரு மணி நேரம். பேச்சு முடிந்த நிம்மதியில் எல்லோரும் களைத்திருப்பார்கள், வெளியே ஆட்டோ காத்திருக்கும். அப்போது இப்படி ஒரு வரி விழும்: ‘எதிர்மனுதாரர் ரூ.12 லட்சத்தைத் தவணைகளில் செலுத்தச் சம்மதிக்கிறார். மனுதாரர் வழக்குகளை வாபஸ் பெறுகிறார்.’ இதில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். எத்தனை தவணை, எந்தத் தேதி, எந்த வங்கிக் கணக்கு? ஒரு தவணை தவறினால் என்ன? எந்தெந்த வழக்கு, பணம் வருவதற்கு முன்பா பின்பா வாபஸ்? எழுத வேண்டியது இந்த மாதிரி: ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் ரூ.2 லட்சம் வீதம் ஆறு தவணை. ஏதாவது ஒரு தவணை 15 நாளுக்கு மேல் தவறினால் மீதி முழுவதும் அன்றே கொடுக்க வேண்டிய தொகையாகும், அன்றிலிருந்து இத்தனை சதவீத வட்டி. கடைசித் தவணை கணக்கில் ஏறிய ஏழு நாளுக்குள் இன்ன எண் வழக்குகள் வாபஸ். அசல் பத்திரம் இன்னார் கையில், இன்ன நாளில் ஒப்படைப்பு. வீடு காலி செய்வதாக இருந்தால் சாவி முதலா பணம் முதலா என்பதையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே நாள் ஒரே இடம் என்பதே நல்லது. ‘நீ முதல்ல, நான் முதல்ல’ என்ற இழுபறியில் நின்றுபோகும் சமரசம் நிறைய.

சொத்துப் பேச்சில் இன்னொரு பொறி. வழக்கு பெரம்பூர் வீட்டைப் பற்றியது. பேச்சு சூடுபிடித்து, ‘செங்கல்பட்டு மனையை நீ வச்சுக்கோ’ என்று முடியும். அந்த மனை வழக்கின் சொத்து அட்டவணையில் இல்லை. சமரச டிக்ரியில் (சமரசத்தை வைத்துக் கோர்ட் போடும் தீர்ப்பாணையில்) வழக்குக்கு வெளியே உள்ள அசையாச் சொத்து சேர்ந்தால், பதிவு செய்யத் தேவையில்லை என்று பதிவுச் சட்டத்தின் 17(2)(vi) தரும் விலக்கு அதற்குக் கிடைக்காது. பத்திரப் பதிவும் முத்திரைக் கட்டணமும் வந்து நிற்கும். அதற்கான செலவு யாருடையது என்று அன்றே பேசிக்கொள்ளாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் புதுச் சண்டை.

கையெழுத்தான ஒப்பந்தம் வழக்கு நடந்த கோர்ட்டுக்குப் போய், அங்கே பதிவாகி டிக்ரியாகும். அதைச் சாதாரண டிக்ரி போல நிறைவேற்றலாம். கூடவே ஒரு இனாம்: கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவு முழுத் தொகையையும் தரச் சொல்கிறது. பண வழக்குக்கு 3 சதவீதம் என்ற கணக்கில் 12 லட்சத்துக்கு ரூ.36,000 கட்டியிருப்பீர்கள், அது வரும். மையத்துக்கே போகாமல் இரு தரப்பும் தாங்களாகப் பேசி முடித்தாலும் இந்தச் சலுகை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் சென்னை உயர்நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே. வழக்கை முடித்துவைக்கக் கேட்கும் மெமோவிலேயே இதையும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.

குறை சொல்ல வேண்டுமென்றால்: சமரசருக்குத் தடை உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. எதிர்தரப்பு சொத்தை விற்கக் கிளம்பியிருக்கிறது என்றால் முதலில் கோர்ட்டில் இடைக்காலத் தடை, அப்புறம் சமரசம். வரிசையை மாற்றினால் பேசிக்கொண்டிருக்கும்போதே வில்லங்கச் சான்றிதழில் புதுப் பெயர் ஏறியிருக்கும்.

வணிக வழக்குக்கு முந்தைய சமரசம்

இதை வாசல் என்பதைவிடச் சுங்கச்சாவடி என்பது பொருத்தம். ரூ.3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத பட்சத்தில், சமரசத்துக்கு முயலாமல் வழக்கே போட முடியாது. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12-ஏ பிரிவு இது. கட்டாயம்தான், சடங்கு அல்ல என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. சும்மா ஒரு தடை மனுவை ஒட்டிக்கொண்டு தப்பிக்கலாம் என்று பார்த்தால், அவசரம் உண்மையா என்று கோர்ட் பிரித்துப் பார்க்கும்.

படிவம் 1, ரூ.1,000 கட்டணம். ஆணைக்குழு எதிர்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி பத்து நாளுக்குள் ஒரு தேதி கொடுக்கும். வரவில்லை என்றால் இறுதி நோட்டீஸ். அதற்கும் வரவில்லை என்றால் ‘தொடங்கவே இல்லை’ என்று படிவம் 3-ல் ஓர் அறிக்கை, அதை வைத்து வழக்குப் போடலாம். பணம் தர வேண்டியவர் வராமல் இருப்பதால் அவருக்கு உடனடி நஷ்டம் ஏதும் இல்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம். வர வைக்க ஒரே வழி, நோட்டீஸ் சரியான இடத்துக்குப் போவது. பில்லில் இருக்கும் கிடங்கு முகவரியைக் கொடுக்காதீர்கள். கம்பெனிப் பதிவேட்டில் உள்ள பதிவு அலுவலக முகவரி, மின்னஞ்சல், கையெழுத்துப் போட்ட இயக்குநர் பெயர் எல்லாம் கொடுங்கள்.

இரு தரப்பும் வந்தால் மட்டும் சமரசர் கட்டணம், பாதிப் பாதி: 3 முதல் 10 லட்சம் வரையான தகராறுக்கு ரூ.15,000, 10 முதல் 50 லட்சம் வரை ரூ.30,000, 3 கோடிக்கு மேல் எவ்வளவு போனாலும் ரூ.75,000. கெடு மூன்று மாதம், சம்மதித்தால் இன்னும் இரண்டு. அந்தக் காலம் காலவரையறைச் சட்டக் கணக்கில் சேராது. இது பெரிய நிம்மதி. நண்பரை நடுவில் வைத்து நீங்களாகப் பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது, வழக்குப் போட உள்ள மூன்று வருஷக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே கையெழுத்தாகும் ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் பலம் உண்டு. வராத எதிர்தரப்புக்காக மார்க் குறைத்தாலும் தாளின் பலத்தில் இது முதல் வரிசை.

அம்பத்தூர், கிண்டி பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் நிற்கும் முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனம் என்றால், வராத பாக்கிக்காக 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வசதிக் கவுன்சிலுக்குப் போகலாம். சரக்கை ஏற்று அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. கவுன்சில் தீர்ப்பை எதிர்க்க வருபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் பேச முடியும். சரக்கு அனுப்பும் முன்பே பதிவு இருக்கட்டும். தகராறு வந்த பிறகு பதிவு செய்தால் அதுவே ஒரு தகராறாகும்.

மக்கள் நீதிமன்றம்

விபத்து இழப்பீடு, செக் வழக்கு, வங்கிக் கடன் பாக்கி. இந்த மூன்றுக்கும் ஏற்ற இடம், வேகமான இடம். கட்டணம் இல்லை, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். தீர்ப்பு டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது. செக் வழக்கில் இங்கே ஒத்துக்கொண்ட தொகையையும் உரிமையியல் டிக்ரியாகவே நிறைவேற்றலாம் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்பீல் இல்லை என்பதுதான் இதன் பலமும் பயமும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கட்டுகள் நகரும் இடம். உங்கள் முறைக்குக் கிடைப்பது சில நிமிடம். சிறுவழக்கு நீதிமன்றத்தில் உள்ள விபத்து வழக்கை இங்கே முடிக்கிறீர்கள் என்றால், தொகையைச் சொல்வதோடு விடாமல் எத்தனை நாளில் டெபாசிட், தாமதித்தால் வட்டி, மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகள் பேரில் எவ்வளவு, எல்லாம் தாளில் வருகிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதோடு சேர்த்துப் பலருக்குத் தெரியாத ஒன்று: நிரந்தர மக்கள் நீதிமன்றம். பெயர்தான் ஒரே மாதிரி, வேலை வேறு. பேருந்து, தபால், தொலைபேசி, மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, இன்சூரன்ஸ் மாதிரிப் பொதுச் சேவைகள் பற்றிய தகராறுக்கு, ரூ.1 கோடி வரை, வழக்குப் போடும் முன் இங்கே போகலாம். சமரசம் ஆகவில்லை என்றால் கையை விரிக்காமல் அதுவே தீர்ப்பும் சொல்லும். இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மைத் தள்ளிவிட்டால் நுகர்வோர் ஆணையம் ஒன்றுதான் வழி என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

ஆர்பிட்ரேஷன்

மற்ற மூன்றிலும் முடிவு உங்கள் கையில். இங்கே நடுவர் தீர்ப்புச் சொல்வார், பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட வேண்டும். உயர்நீதிமன்ற வளாகத்தில் சென்னை உயர்நீதிமன்ற ஆர்பிட்ரேஷன் மையமும், மயிலாப்பூரில் 2005 முதல் நானி பல்கிவாலா ஆர்பிட்ரேஷன் மையமும் இருக்கின்றன. மையத்தின் விதிப்படி நடத்தினால் கட்டணம், அறை, தேதி எல்லாம் ஓர் ஒழுங்கில் போகும். தனி நடுவரை வைத்துக்கொண்டால் எல்லாமே அவருடைய டைரியைப் பொறுத்தது.

செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணையை (நடுவர் கட்டண அட்டவணை) அளவுகோலாக எடுத்தால், ரூ.40 லட்சத் தகராறுக்கு முதல் 20 லட்சத்துக்கு ரூ.97,500, மேலே உள்ள 20 லட்சத்துக்கு 3 சதவீதம் ரூ.60,000, ஆக ரூ.1,57,500. ஒற்றை நடுவர் என்றால் இன்னொரு 25 சதவீதம் சேர்ந்து ரூ.1,96,875. எதிர்தரப்பு எதிர்க்கோரிக்கை வைத்தால் அதற்குத் தனிக் கணக்கு. மூன்று நடுவர் என்றால் ஆளுக்கு இந்த அட்டவணை. வக்கீல் ஃபீஸ் இதில் சேரவில்லை. வீடு கட்டும் கான்ட்ராக்டில் எட்டு லட்ச ரூபாய் வேலைக் குறைபாட்டுக்கு இதே அட்டவணையில் ரூ.69,375 வரும். அந்தத் தொகைக்கு ஆர்பிட்ரேஷன் தேறாது. ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் என்ற முறையில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. ஒரு கோடிக்கு மேல், தொழில்நுட்ப விஷயம், இரு தரப்பும் கம்பெனி என்றால் தேறும்.

காலம் பற்றி: நடுவர் நியமனமான ஆறு மாதத்துக்குள் பிளீடிங் முடிய வேண்டும், முடிந்து 12 மாதத்தில் தீர்ப்பு, இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் 6 மாதம். அதற்கு மேல் நீட்டிக்கக் கோர்ட்டுக்குத்தான் ஓட வேண்டும்.

குடியிருக்கும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் வரி சேர்ப்பது இப்போது ஒரு மோஸ்தர். தமிழ்நாட்டில் அதற்கென்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை நீதிமன்றமும் இருப்பதால், காலி செய்யும் சண்டையில் அந்த வரி உதவாது.

ஆர்பிட்ரேஷன் சொதப்பினால் காரணம் நடுவர் அறையில் இருக்காது, ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கும். இப்படி ஒரு வரியைப் பலர் படிக்காமலே கையெழுத்திட்டிருப்பார்கள்: ‘தகராறு ஏற்படின் நிர்வாக இயக்குநர் அல்லது அவர் நியமிப்பவரிடம் நடுவர் தீர்வுக்கு அனுப்பலாம், இடம் சென்னை அல்லது மும்பை.’ ‘அனுப்பலாம்’ என்றால் கட்டாயமில்லை என்று வாதாட இடம். ‘சென்னை அல்லது மும்பை’ என்றால் எந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் என்பதிலேயே ஒரு வருஷம். நிர்வாக இயக்குநர் நடுவராகவும் முடியாது, நடுவரை நியமிக்கவும் முடியாது. 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கு அதை முடித்துவிட்டது. இப்படி இருந்தால் போதும்: ‘தகராறு அனைத்தும் ஒற்றை நடுவரால் தீர்க்கப்படும், இன்ன மையத்தின் விதிப்படி நியமனம், சட்டப்படியான இருக்கை சென்னை, மொழி தமிழ் அல்லது ஆங்கிலம், இதில் ஒன்று.’ ஆரம்பிக்கும்போது, தகராறை நடுவரிடம் அனுப்பக் கேட்கும் 21-வது பிரிவு நோட்டீஸ் எதிர்தரப்புக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் தொடக்கத் தேதி. அஞ்சல் ஒப்புகை அட்டையைத் தொலைக்காதீர்கள்.

கடைசியாக, இந்தச் சேவையைத் தேடிப் போகாமலே அது வீடு தேடி வரும் கூட்டம் ஒன்று உண்டு. வண்டிக் கடன், தனிநபர் கடன் வாங்கியவர்கள். கடன் கொடுத்த நிறுவனமே நியமித்த நடுவரிடமிருந்து ஒரு கவர் வரும். ‘கோர்ட் இல்லையே’ என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒரு தரப்பு மட்டும் நியமித்த நடுவர் என்பதால் 12(5) பிரிவின்படி ஆட்சேபிக்கிறேன் என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஆக வேண்டுமென்றால் தகராறு வந்த பிறகு வெளிப்படையாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், ஆகவே நீட்டுகிற தாளில் எல்லாம் கையெழுத்துப் போட வேண்டாம். அதையும் மீறித் தீர்ப்பு வந்துவிட்டால், அது கைக்கு வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதி, கவரைத் தீர்ப்போடு சேர்த்து ஸ்டேபிள் அடியுங்கள். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் 34-வது பிரிவு மனுவுக்கு அன்றிலிருந்து மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்குப் பிறகு ஒரு நாள் பிந்தினாலும் மனுவை எடுத்துக்கொள்ளக் கோர்ட்டுக்கே அதிகாரம் இல்லை. மனு போட்டாலும் தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்கினால்தான் வசூல் நிற்கும்.